கம்ப்யூட்டருக்குள் ஆர்.ஓ. கேண்டில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்ணீரால் சூடு ஆற்றும் கம்ப்யூட்டர்களைப் பற்றி உங்கள் நாளிதழின் தொழில்நுட்ப இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுத ஆள் இருக்கிறார்களே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டுரைக்கு அடியில் கட்டம் கட்டி ஒரு யோசனை போட்டிருந்தீர்கள். வீட்டு ஆர்.ஓ. குடிநீர் மெஷினுக்கு விற்கும் ஃபில்டர் (கேண்டில், கார்ட்ரிட்ஜ் என்பதும் இதைத்தான்) ஒன்றை வாங்கிக் குழாயின் நடுவே மாட்டிவிட்டால் உள்ளே அடைப்பே வராது, தண்ணீரையும் மாற்ற வேண்டியதில்லை என்று அதில் இருந்தது. இந்தக் கடிதம் அந்தக் கட்டத்துக்காகத்தான்.

நான் கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள், வீடு கட்டும் முன்பே அதன் உள்ளலங்காரத்தைத் திரையில் காட்டும் டிசைனர்கள், கேம் விளையாடும் காலேஜ் பையன்கள் என்று பலர் வருவார்கள். தண்ணீர் ஓடும் மெஷின் எது வந்தாலும், “அப்பா, இது உங்க டிபார்ட்மெண்ட்” என்று என் மேஜைக்குத் தள்ளிவிடுவான். எனக்கும் பொழுது போகிறது. இந்த மெஷின்களில் பிராசஸரின் மேல் உட்காரும் பிளாக் வழியாகப் பம்பு தண்ணீரைத் தள்ளும். அங்கே சூட்டை வாங்கிய தண்ணீர், ஃபேன் வைத்த ரேடியேட்டருக்குள் போய் ஆறித் திரும்பி வரும்.

அண்மையில் ஓர் எடிட்டிங் ஸ்டூடியோக்காரர் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாங்கிய புதிதில் பறந்ததாம். இப்போது ஏதாவது வீடியோவை ரெண்டர் போட்டால் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டு, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறதாம். கண்ணாடிக் கதவைத் திறந்தால் பளபளக்கும் குழாய்களுக்கு நடுவில் ஒரு வெள்ளை நிற ஆர்.ஓ. கார்ட்ரிட்ஜ் படுத்திருக்கிறது. உங்கள் கட்டத்தில் சொன்னது அப்படியே! வேறு யாரோ ஒருவர் மாட்டிக் கொடுத்திருக்கிறார். பெயர் எதற்கு, விடுங்கள்.

ரெண்டுக்கும் ‘கால் இஞ்ச்’ என்று போட்டிருப்பதால் பொருந்திவிடும் என்று நினைக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஃபிட்டிங்குகளில் ஜி கால் என்பது மரையின் அளவு. அந்த மரையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர். ஆர்.ஓ. மெஷினில் கால் இஞ்ச் என்பது குழாயின் வெளிவிட்டம், 6 மில்லிமீட்டர் சொச்சம்தான். இந்த மெஷினில் ரெட்யூசர் போட்டு, டேப் சுற்றி, அந்தப் பெரிய குழாயை இந்தச் சின்ன ஓட்டைக்குள் திணித்திருந்தார்கள். பழக்கதோஷம், நான் அளவு ஜாடியையும் ஸ்டாப்வாட்சையும் எடுத்தேன். கார்ட்ரிட்ஜ் வழியாக ஒரு லிட்டர் ஜாடி நிறைய ஒன்றரை நிமிடம் பிடித்தது. அதைக் கழற்றிவிட்டு அதே பம்பை ஓட்டினால் கால் நிமிடத்தில் நிறைந்தது.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வீட்டு ஆர்.ஓ. மெஷின் மணிக்கு 12 முதல் 15 லிட்டர் சுத்தத் தண்ணீர் கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. கழிவுத் தண்ணீரையும் சேர்த்தால்கூட அந்த கேண்டிலுக்குள் மெதுவாகத்தான் போகும். உள்ளே பூஸ்டர் பம்பு வேறு இருக்கிறது. கம்ப்யூட்டரிலோ நிமிடத்துக்கு மூன்றரை, நாலு லிட்டர், அதாவது மணிக்கு 200 லிட்டருக்கு மேல் ஓடினால் நல்லது. இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பெயர் பெற்றது டி5 என்ற பம்பு. ஜெர்மனியின் லாயிங் கம்பெனி வடிவமைத்தது, இப்போது சைலம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் ஓடவிட்டால் மணிக்கு 1500 லிட்டர் தள்ளும். ஆனால் ஹெட், அதாவது தண்ணீரைத் தூக்கும் உயரம், ஏறக்குறைய நாலு மீட்டர்தான். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டாரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. 5 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) கண் உள்ள கேண்டிலை அதன் முன்னால் நிறுத்தினால் பாவம், மூச்சு முட்டிப்போகும்.

கார்பன் கார்ட்ரிட்ஜ் என்றால் இன்னும் மோசம். கம்ப்யூட்டர் தண்ணீரில் துருப்பிடிக்காமல் இருக்கவும் பாசி பிடிக்காமல் இருக்கவும் மருந்து கலந்திருப்பார்கள். கார்பனுக்கு எது நல்லது, எது கெட்டது என்று தெரியாது. காசு கொடுத்து வாங்கிய மருந்தைத்தான் முதலில் உறிஞ்சும்.

சரி, ஃபில்டரே கூடாதா என்றால் அப்படிச் சொல்லவில்லை. இந்த வேலைக்கென்றே செய்த ஃபில்டர்கள் இருக்கின்றன. ஜெர்மன் கம்பெனிகள் சில நன்றாகச் செய்கின்றன. உள்ளே துருப்பிடிக்காத எஃகு வலை, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும்படி கண்ணாடி போன்ற உடம்பு. கழற்றி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ரெண்டு பக்கமும் சின்ன பால் வால்வு போட்டுக்கொண்டால் மொத்தத் தண்ணீரையும் வடிக்காமல் வேலை முடியும். ஆனால் அது எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். உங்கள் கட்டத்தில் இல்லாமல் போனது இதுதான்.

பிராசஸரின் மேல் உட்காரும் வாட்டர் பிளாக்கை ஒரு தரம் கழற்றிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். அந்த ஸ்டூடியோ மெஷினில் அதையும் கழற்றினேன். மேல் மூடியின் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிர் மூலையாகத் தளர்த்தி எடுத்தால் கறுப்பு ஓ-ரிங் வரும். அதற்கடியில் செம்புத் தகட்டில் வரிவரியாக வெட்டிய காடிகள். வரிக்கும் வரிக்கும் நடுவில் உள்ள இடைவெளி கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. தண்ணீர் நடுவில் ஒரு நீளப் பிளவு வழியாக இறங்கி, ரெண்டு பக்கமும் பிரிந்து ஓடும். அந்த நடுக்கோட்டில், சரியாகத் தண்ணீர் விழுகிற இடத்தில், வெள்ளையும் இளம்பச்சையுமாகக் கொழகொழவென்று ஒரு படலம். விரலில் எடுத்தால் வழுக்கியது, மெழுகு வாடை. கூடவே நாலைந்து பழுப்பு நிறத் துணுக்குகள், ஒரு வரிக்குள் மாட்டிக்கொண்ட பளபளப்பான உலோகச் சீவல்.

எல்லாம் ஒரே இடத்தில் இருந்தாலும் வந்த வழி வேறு வேறு. பழுப்புத் துணுக்கு ரேடியேட்டருக்குள் பற்றவைக்கும்போது போட்ட ஃபிளக்ஸின் மிச்சம். சீவலும் அங்கிருந்து வந்ததுதான். புது ரேடியேட்டரைக் கழுவாமல் மாட்டினால் வருவது இது. வெள்ளைப் படலம் வளையும் பி.வி.சி. குழாயிலிருந்து வந்தது. குழாய் வளைவதற்காகச் சேர்த்திருக்கும் பிளாஸ்டிசைசர் சூட்டில் மெதுவாகக் கசிந்து தண்ணீரில் இறங்கும், குழாயும் மங்கலாகிவிடும். ஈ.பி.டி.எம். ரப்பர் குழாயில் இந்தத் தொல்லை இல்லை. கறுப்பாக இருக்கும், அழகு குறைவு என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள். பச்சை, பாசி.

எஃகு வலை இதில் சீவலையும் ஃபிளக்ஸ் துணுக்கையும் பிடிக்கும். பாசி பிய்ந்து வந்தால் அதில் கொஞ்சத்தைப் பிடிக்கும். பிளாஸ்டிசைசர் படலம் வலையில் ஒட்டினது போக மிச்சம் பிளாக்குக்குத்தான் போகும். கரைந்திருக்கும் உப்பு எந்த வலையிலும் நிற்காது. பால் மாதிரி வெள்ளையாக, பளபளவென்று ஓடும் கலர் கூலண்டுகளில் (குளிர்விக்கும் திரவங்களில்) இருக்கும் நிறத்துகள்களும் அப்படித்தான், வலையைத் தாண்டிப் போய் ஓட்டம் மெதுவாக இருக்கும் மூலைகளில் படியும். போட்டோ எடுக்க நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது என் கட்சி. மகன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவனுக்கு அதில் வியாபாரம் இருக்கிறது.

அதனால் மாட்டும் முன்பே கழுவுவதுதான் பெரிய வேலை. ரேடியேட்டரில் சூடான டிஸ்டில்டு வாட்டரைப் பாதி ஊற்றி, ரெண்டு வாயையும் அடைத்து, கை வலிக்கக் குலுக்கி, வெள்ளைத் துணி வழியாக வடிக்க வேண்டும். துணியில் எதுவும் நிற்காத வரை திரும்பத் திரும்ப. செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் வெள்ளை வினிகரைத் தண்ணீர் விட்டுக் கலந்து கொஞ்ச நேரம் வைத்து, அப்புறம் நன்றாக அலசலாம். பிறகு எல்லாவற்றையும் இணைத்து, மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்து ஒழுகல் பார்ப்பார்கள். ஃபில்டருக்கு உண்மையான வேலை இந்த ஒரு நாளில்தான். கழுவியும் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது எல்லாம் அப்போது வந்து வலையில் விழும். அதற்கப்புறம் அதைக் கழற்றிவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. வைத்திருந்தாலும் சரி, மாதத்துக்கொரு தரம் எட்டிப் பாருங்கள். வலையில் புதிதாக ஏதாவது தெரிந்தால் உள்ளே எங்கோ ஏதோ கரைகிறது, அரிக்கிறது அல்லது வளர்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

எங்கே மாட்டுவது என்பதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வில் சல்லடை இருக்கும், ஆனால் இலை, தவளைக் குஞ்சு போகாத அளவுக்குப் பெரிய கண் உள்ள சல்லடை. அதில் வேட்டித் துணியைக் கட்டினால் என்ன ஆகும்? மோட்டார் சத்தம் மாறும், தண்ணீர் வராது, இம்பெல்லர் அரித்துப்போகும். கம்ப்யூட்டரிலும் அதே விதிதான். நுண்ணிய வலையைப் பம்பின் சக்ஷன் பக்கம், அதாவது உறிஞ்சும் பக்கம், வைக்கவே கூடாது. டெலிவரி பக்கம், பம்பைத் தாண்டி, பிளாக்குக்கு முன்னால் வைக்க வேண்டும். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் வழி தாராளமாக, வளைவு இல்லாமல் இருக்கட்டும்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரையும் மாற்ற வேண்டியதில்லை என்று எழுதிவிட்டீர்கள், எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை. கோவையில் யாரிடம் கேட்டாலும் சிறுவாணித் தண்ணீர்தான் உலகத்திலேயே நல்ல தண்ணீர் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். அந்தப் பெருமையில் ஒருவர் சிறுவாணித் தண்ணீரையே பிடித்து மெஷினில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். குடிக்க அதற்கு ஈடில்லை, கம்ப்யூட்டருக்குச் சரிவராது. அதிலும் தாது உப்பு உண்டு, குளோரின் உண்டு. சிறுவாணியே இப்படியென்றால் எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் கேட்கவே வேண்டாம். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) மீட்டரை வைத்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது, வேறு வழியில்லாத ஊருக்கு 2000 வரை பொறுத்துக்கொள்கிறது.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்குள் ஓடுவது மூடிய சுற்று. ஆயிரம் டி.டி.எஸ். தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றினால் அதில் இருக்கும் உப்பு மொத்தம் ஒரு கிராம். கெய்சர் காயிலில் படிகிற மாதிரி நாள்தோறும் புது உப்பு வந்து சேராது. ஆகவே உப்பு படிந்து அடைத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். உப்பின் உண்மையான கெடுதல் அரிப்பு. குளோரைடு நிக்கல் முலாமைத் தின்னும். செம்பு பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே சுற்றில் இருந்தால் உப்புத் தண்ணீர் அந்த ரெண்டையும் ஒரு பேட்டரி மாதிரி ஆக்கி, அலுமினியத்தைக் கரைத்துவிடும். விலை குறைவு என்று அலுமினிய ரேடியேட்டர் வாங்கிச் செம்பு பிளாக்கோடு சேர்ப்பவர்களுக்கு எந்த ஃபில்டரும் உதவாது.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். கிடைக்காவிட்டால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டி.எம். வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்), கேனில் ஐ.எஸ். 1069 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரித் தண்ணீருக்கான தர அளவு அது. வாங்கியதும் ஒரு டம்ளரில் ஊற்றி டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்துவிடுவேன். பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். அப்படி இல்லாத கேன்களும் கடைத்தெருவில் உலவுகின்றன. வெறும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் போதாது, துருத் தடுப்பானும் பாசிக் கொல்லியும் கலந்த கூலண்ட் மருந்தைச் சொன்ன அளவில் சேர்க்க வேண்டும். வருடத்துக்கொரு தரம் மாற்றிவிடுவது உத்தமம். சுத்தத் தண்ணீரில் கரண்ட் பாயாது, ஒழுகினாலும் பயமில்லை என்று ஒரு பேச்சு உண்டு. செம்பையும் நிக்கலையும் தொட்டுக்கொண்டு ஓடும் தண்ணீர் ரொம்ப நாள் சுத்தமாக இருக்காது. ஒழுகினால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இதை நீங்கள் கட்டாயம் வெளியிட வேண்டும். இன்று கடையில் விற்கும் வாட்டர் கூலர்களில் பெரும்பாலானவை ஏ.ஐ.ஓ. என்ற வகை. பம்பு, பிளாக், ரேடியேட்டர், குழாய் எல்லாம் சேர்த்து கம்பெனியிலேயே தண்ணீர் நிரப்பி மூடி அனுப்புவது. அந்தக் குழாயை அறுத்து ஃபில்டர் மாட்ட முடியாது, மாட்டவும் கூடாது. உங்கள் கட்டத்தைப் படித்துவிட்டு ஒரு பையன் ஹேக்ஸா பிளேடைக் கையில் எடுத்தால் வாரண்டி போச்சு, தண்ணீர் போச்சு, கிராபிக்ஸ் கார்டும் போகலாம். இந்தக் கவலையில்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஃபில்டர் என்று பேசினால் எங்கள் பக்கத்துக்கு முக்கியமானது காற்று வழியில் இருக்கும் ஃபில்டர். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் பஞ்சு இல்லாத காற்று ஏது? பனியன் கம்பெனிகளில் டிசைன் போடும் கம்ப்யூட்டரைத் திறந்தால் ரேடியேட்டரின் முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளியே நெய்து வைத்திருக்கும். கேபினெட்டின் முன்பக்கம் காந்தத்தில் ஒட்டும் நைலான் வலை நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாரம் ஒரு தரம் உருவித் தட்டிப் போட்டால் போதும். சாமி படத்துக்குக் கீழே மெஷினை வைத்திருப்பவர்களிடமும் இதைச் சொல்வேன். ஊதுபத்திப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கில் பஞ்சு ஒட்டிக்கொண்டால் பிளோயருக்கும் அசையாது.

சூடு ஏறுவது தண்ணீர் வழி அடைப்பாலா, காற்று வழி அடைப்பாலா என்று திறக்காமலே ஓரளவு சொல்லலாம். தண்ணீரின் வெப்பத்தைக் காட்டும் சென்சார் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் எப்போதும் அறை வெப்பத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதற்குக் கீழே போகாது. அந்த வித்தியாசம் முன்பைவிட அதிகமானால் ரேடியேட்டரின் முன்னால் பஞ்சு, அல்லது ஃபேன் கோளாறு. தண்ணீர் பழைய அளவிலேயே இருக்க, பிராசஸர் மட்டும் எகிறினால் பிளாக் அடைத்திருக்கிறது அல்லது ஓட்டம் குறைந்திருக்கிறது. பிராசஸருக்கு மேல் போட்ட பேஸ்ட் காய்ந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும், அதையும் பார்த்துவிடுங்கள். ஸ்டூடியோ மெஷினில் அறை 31, தண்ணீர் 36, பிராசஸர் 95. பார்த்ததுமே கை பிளாக்குக்குப் போனது அதனால்தான்.

பெரிய டேட்டா சென்டர்களில் ஃபில்டர் வைக்கிறார்களே என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கலாம். வைக்கிறார்கள். தண்ணீர் ஓடும் சர்வர்களுக்குப் பொதுவாக 50 மைக்ரான் அளவில், ஆர்.ஓ. கேண்டிலைவிடப் பத்து மடங்கு பெரிய கண். அங்கே நீள நீளமாக வெல்டிங் செய்த குழாய்கள் ஓடும், கசடு வரத்தான் செய்யும். ஃபில்டருக்கு முன்னாலும் பின்னாலும் அழுத்தம் பார்க்க கேஜ் இருக்கும், வித்தியாசம் கூடினால் மாற்றுவதற்கு ஆளும் இருப்பார்கள். இது ஒன்றும் நேற்று வந்த சங்கதியும் இல்லை. ஐ.பி.எம். 1960களிலேயே தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்குள் தண்ணீரை விட்டது. ஆப்பிள் 2004-ல் பவர் மேக் ஜி5 மாடல் ஒன்றில் திரவக் குளிர்விப்பு வைத்து விற்றது, அதில் சில பிற்பாடு ஒழுகி உள்ளே அரித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டன. இப்போது என்விடியாவின் ஜி.பி.200 போன்ற ரேக்குகள் (சர்வர்களை அடுக்கிய அலமாரிகள்) ஒவ்வொன்றும் 100 கிலோவாட்டைத் தாண்டிச் சூடு கக்குகின்றன. தண்ணீர் இல்லாமல் அவற்றை ஓட்ட முடியாது. தமிழக அரசு 2021-ல் டேட்டா சென்டர் கொள்கை வெளியிட்டது, சென்னையைச் சுற்றி இவை பெருகுகின்றன. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்து பம்பும் வால்வும் தெரிந்த பிள்ளைகளுக்கு அங்கே வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஒருவரை இதைப் பற்றி விசாரித்து எழுதச் சொல்லலாம்.

அந்த ஸ்டூடியோ மெஷினுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டோம். பிளாக்கை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, ரேடியேட்டரைக் கழுவி, குழாயை ரப்பருக்கு மாற்றி, பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் எஃகு வலை ஃபில்டர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தோம். அதே ரெண்டர், இப்போது 74 டிகிரி.

என் வேண்டுகோள் ரெண்டு. அந்தக் கட்டத்துக்கு அடுத்த இணைப்பிலேயே ஒரு திருத்தம் போடுங்கள், அதே அளவு எழுத்தில், அதே மாதிரி கட்டம் கட்டி. ஏ.ஐ.ஓ. குழாயை அறுக்க வேண்டாம் என்பது அதில் முதல் வரியாக வரட்டும். அப்புறம், ரேடியேட்டர் கழுவுவதைப் படத்தோடு போட இடம் ஒதுக்குவீர்கள் என்றால் சொல்லுங்கள். கடையில் அடுத்த புது ரேடியேட்டர் வரும்போது வெள்ளைத் துணியில் என்னென்ன விழுகிறது என்று மகனைப் படம் எடுக்கச் சொல்லி அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கணபதி, கோயம்புத்தூர்.